ஏற்காடு மலையில் கொதித்த அம்பாசடர்

அப்பா வைத்திருந்த 1984 மாடல் மார்க் 4 அம்பாசடர் என் கைக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். சேலம் டவுனுக்குள் ஓட்டுகிற வரைக்கும் ஒரு குறை சொல்ல முடியாது. ஏற்காடு ஏறினால்தான் வம்பு. 20 கொண்டை ஊசி வளைவில் ஏழாவதைத் தாண்டுவதற்குள் டெம்பரேச்சர் முள் உச்சிக்குப் போய்விடும். கூடவே இழுவையும் செத்துவிடும். இரண்டாவது கியரில் ஏறவேண்டிய மேட்டில் வண்டி முதல் கியர் கேட்கும்.

வண்டி சூடானால் எல்லோரும் ரேடியேட்டரைத்தான் கை காட்டுவார்கள். நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். மேல் டேங்கையும் கீழ் டேங்கையும் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டுக் குத்தியதில் கிண்ணம் நிறையத் துருவும் உப்பும் கொட்டின. எங்கள் வீட்டு போர் தண்ணீர் கடின நீர். அதையே வருஷக்கணக்கில் ஊற்றியதன் பலன் அது. இன்ஜின் பிளாக்கின் வடிகுழாயைத் திறந்தால் சொட்டுக்கூட வரவில்லை, சேறு அடைத்திருந்தது. கம்பியால் குத்திவிட்டு, ஹோஸ் பைப் வைத்துத் தண்ணீர் தெளியும்வரை அலசினேன். அதற்குப் பிறகு கூலன்ட் கலந்த சுத்தமான தண்ணீர் மட்டும்தான்.

ரேடியேட்டர் மூடியின் ரப்பரும் வெடித்திருந்தது. சின்ன விஷயம் என்று இதை விட்டுவிடக் கூடாது. மூடி பிடித்து வைக்கும் ஒவ்வொரு பவுண்டு அழுத்தத்துக்கும் தண்ணீரின் கொதிநிலை ஏறக்குறைய ஒன்றரை டிகிரி கூடும். ஏற்காடு உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி சரியில்லாவிட்டால் இன்ஜினுக்கும் அதே கதிதான்.

இன்ஜின் போதிய சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அதை "கழட்டிப் போட்டுடுங்க, நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு" என்றார்கள். நிறைய வண்டிகளில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குளிர்ந்தே ஓடும் இன்ஜின் பெட்ரோலை அதிகம் குடிக்கும், ஆயிலும் சீக்கிரம் கெடும். கழற்றி வந்து வீட்டு அடுப்பில் பாத்திரத் தண்ணீருக்குள் நூல் கட்டித் தொங்கவிட்டேன், பக்கத்தில் தெர்மாமீட்டர். 82 டிகிரி என்று பொறித்திருந்தது. 83, 84க்குள் வாய் திறக்கத் தொடங்கியது. பழுதில்லை என்று தெரிந்ததும் திரும்பவும் மாட்டினேன்.

இவ்வளவும் செய்துவிட்டு மலை ஏறினால், ஏழாவது வளைவில் கொதித்தது பத்தாவது வளைவில் கொதித்தது. இழுவையில் துளி மாற்றம் இல்லை.

இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கட் போயிருக்குமோ என்ற பயம் அப்போதுதான் வந்தது. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று இறுகும் அழுத்தம், பார்த்தோம். நாலு சிலிண்டரும் 115, 120, 115, 120 பவுண்டு. ரேடியேட்டரில் குமிழி இல்லை, டிப்ஸ்டிக்கில் ஆயில் வெளுக்கவில்லை. அந்தப் பயம் தீர்ந்தாலும் வண்டி சரியாகவில்லையே.

ஒரு நாள் மாலை இருட்டுகிற நேரத்தில் பதினோராவது வளைவில் ஓரங்கட்டி, நிறுத்திய கையோடு பானட்டைத் தூக்கினேன். இன்ஜின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, அடுப்பில் அணையப்போகும் கரித்துண்டு மாதிரி மங்கலாகச் சிவந்திருந்தது. பகலில் மட்டும் ஏறியிருந்தால் இது என் கண்ணில் பட்டிருக்கவே படாது. கொஞ்ச நேரத்தில் கறுத்துப்போனது.

இதை ஆட்டோ எலக்ட்ரிக் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் சொன்னேன். கேட்ட உடனே, "நெருப்பு லேட்டா பத்துது தம்பி. டிஸ்ட்ரிபியூட்டரைப் பாக்காம ரேடியேட்டரை எத்தனை வாட்டி கழட்டினாலும் அப்படித்தான் இருக்கும்" என்றார். ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்குக்கும் முறைப்படி மின்சாரத்தைப் பிரித்து அனுப்புவது டிஸ்ட்ரிபியூட்டர். ஸ்பார்க் எந்த நொடியில் விழ வேண்டும் என்பதுதான் டைமிங்.

"டைமிங் போன மாசம்தானுங்க ஐயா வெச்சோம்."

"ஐடிலிங்ல வெச்சிருப்பீங்க. மேட்டுல வண்டி ஐடிலிங்லயா ஏறுது?"

ஸ்பார்க் விழும் நொடியில் மின்னும் டைமிங் லைட்டை மாட்டினார். கிராங்க் புல்லியின் வெட்டில் சாக்பீஸ் தேய்த்திருந்தேன். ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஓடும்போது, குறி அதன் இடத்தில் இருந்தது. ஆக்சிலரேட்டரை முறுக்க முறுக்கக் குறி நகர்ந்திருக்க வேண்டும், நகரவில்லை. இன்ஜின் வேகம் கூடும்போது ஸ்பார்க் முன்கூட்டியே விழ வேண்டும். அதற்காகத்தான் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இரண்டு சிறு எடைக்கட்டிகள் ஸ்பிரிங்கோடு இருக்கின்றன. சுற்றும் வேகத்தில் அவை விரிந்து, பாயின்ட் எனும் தொடுமுனைகளைத் திறந்து ஸ்பார்க்கைக் கிளப்பும் கேமைத் திருப்பும். அவை இறுகிப்போனால் பெட்ரோல் தாமதமாகப் பற்றும். பிஸ்டனைத் தள்ள வேண்டிய நெருப்பு, வால்வு திறந்த பிறகும் எரிந்துகொண்டே வெளியே போகும். பிஸ்டனுக்குக் கிடைக்காத பலம் ஹெட்டையும் மேனிஃபோல்டையும் சுடவைக்கும். இழுவை செத்ததும் தண்ணீர் கொதித்ததும் ஒரே நோய் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சூடு வெளியே போகவில்லை என்றே ஆறு மாதம் தேடியிருக்கிறேன். உள்ளே வேண்டாத சூடு உண்டாகிக்கொண்டிருந்ததை நான் பார்க்கவே இல்லை.

லைட் இல்லாமலும் இதைச் சோதிக்கலாம் என்று காட்டினார். இன்ஜினை நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே சுழலும் ரோட்டரை அது சுற்றும் திசையிலேயே விரலால் திருப்பிவிட்டால் ஸ்பிரிங் அதைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ள வேண்டும். என் வண்டியில் அது திரும்பவே மறுத்தது. பேஸ் பிளேட்டைத் தூக்கினால், அடியில் எடைகள் வெல்லப்பாகு காய்ந்த மாதிரி பழைய கிரீஸில் ஒட்டிக் கிடந்தன, ஓரத்தில் துரு. பெட்ரோலில் கழுவி, பிவட்டுகளில் மெல்லிய ஆயில் விட்டு மாட்டினார். பாயின்ட் இடைவெளி 0.015 அங்குலம். ரோட்டரைத் திருப்பி விட்டேன், 'டக்'கென்று திரும்பி வந்தது.

ரோட்டரை உருவினால் நடுவில் ஒரு ஸ்குரூ தெரியும். அதைச் சுற்றி உள்ள இடைவெளி ஆயில் இறங்குவதற்காகவே விட்டது. சர்வீஸ் தோறும் அங்கே இரண்டு சொட்டு விட வேண்டும். என் வண்டிக்கு அதை யாரும் பல வருஷமாகச் செய்ததாகத் தெரியவில்லை. இப்போது தவறாமல் நானே விடுகிறேன், பாயின்ட் முனையில் படாமல்.

மே மாத வெயிலில் அம்மா, மனைவி, மகனோடு ஏறினோம். பத்தாவது வளைவு, பதினைந்தாவது வளைவு என்று மகன் எண்ணிக்கொண்டே வந்தான். முள் பாதிக்குச் சற்று மேலே நின்றது. முதல் கியரைத் தொடவே இல்லை. ஏற்காடு ஒண்டிக்கடையில் நிறுத்தி டீ குடித்துவிட்டு அரை மணி கழித்து சாவியைத் திருப்பினேன், ஒரே செல்ஃபில் எடுத்தது.