தோற்ற வினாத்தாளைத் தூக்கிப் போடாதீர்கள்

எங்கள் சபையில் வருடத்துக்கு ஒருவராவது அரசு வேலை கிடைத்த சாட்சி சொல்வார். மைக்கைப் பிடித்து "கர்த்தர் எனக்குப் பெரிய காரியம் செய்தார்" என்று ஆரம்பித்ததுமே எல்லாரும் அல்லேலூயா போடுவார்கள். அதே தேர்வை எழுதித் தோற்ற நாலைந்து பேரும் அங்கேதான் இருப்பார்கள், பின்வரிசை பிளாஸ்டிக் நாற்காலிகளில், கைதட்டிக்கொண்டு. மைக் அவர்கள் பக்கம் போகாது. ஆராதனை முடிந்ததும் யார் கண்ணிலும் படாமல் செருப்பை மாட்டிக்கொண்டு நழுவிவிடுவார்கள். அந்த நாலைந்து பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன். நானும் பல வருடம் அந்த வரிசையில் உட்கார்ந்தவள். 2024-இல் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டி.என்.பி.எஸ்.சி.) நடத்தும் குரூப் 4 தேர்வில் தேறி, இப்போது ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். அதைவிட உயர்ந்த பதவிகளுக்கான குரூப் 2 இன்னும் தண்ணி காட்டிக்கொண்டிருக்கிறது.

வட சென்னையில் காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் தெருவுக்குத் தெரு குரூப் 4-க்குப் படிக்கிறவர்கள் உண்டு. பத்தாம் வகுப்பு போதும், ஒரே தாள், நேர்காணல் கிடையாது. ஆனால் வீடு பெரும்பாலும் ஒரே அறை. ராத்திரி எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் உறுமிக்கொண்டே இருக்கும். என் அம்மா மீன் வியாபாரம். ஏலத்துக்குப் போக விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து லைட்டைப் போட்டுவிடுவார். அவர் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பியதும் அதே வெளிச்சத்தில் நான் உட்கார்ந்துவிடுவேன். படிக்க இடமில்லை என்று புலம்புவதைவிட, வீடு எந்த நேரத்தில் அடங்குகிறது என்று பார்த்து அதைப் பிடித்துக்கொள்வது நல்லது.

சரி, தோல்விக்கு வருவோம். ரிசல்ட் வந்த அன்று சபையிலும் சொந்தத்திலும் இரண்டு வகைப் பேச்சு வரும். ஒன்று ஆறுதல்: "தேவ சித்தம் இல்லம்மா, கர்த்தர் இதைவிடப் பெருசா வெச்சிருக்காரு." இன்னொன்று குற்றச்சாட்டு: "ஞாயித்துக்கிழமை ஆராதனைய விட்டுட்டு கோச்சிங் போன இல்ல, அதான்." இரண்டாவதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடலாம். 2019, 2022, 2024 குரூப் 4 தேர்வுகள் மூன்றுமே ஞாயிற்றுக்கிழமைகளில்தான் நடந்தன. அன்று தேர்வு எழுதியவர்கள் எல்லாரும் சாபத்துக்கு ஆளானவர்கள் என்றால் இந்த மாநிலத்தில் ஓர் அரசு அலுவலகமும் திறந்திருக்காது. எங்கள் பாஸ்டர் ஐயா தேர்வு எழுதுகிறவர்களுக்காக அன்று விடியற்காலையிலேயே தனியாக ஒரு ஜெபம் வைத்து அனுப்பினார். அதுதான் சரி.

எனக்கு ஆபத்தாகப் படுவது முதல் பேச்சுதான். பாசத்தில் சொல்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் "தேவ சித்தம் இல்லை" என்று சொல்லி மூடிவிட்டால், எந்தக் கேள்வி தப்பாயிற்று, ஏன் தப்பாயிற்று என்று பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடுகிறது. வினாத்தாள் பரணுக்குப் போகிறது. அடுத்த வருடம் அதே புத்தகம், அதே முறை, அதே இடத்தில் அதே தப்பு.

லூக்கா 5-ஆம் அதிகாரம் நம் சபைகளில் அடிக்கடி பிரசங்கிக்கப்படும் பகுதி. ராத்திரி முழுக்கப் பாடுபட்டும் ஒரு மீன்கூடக் கிடைக்கவில்லை என்கிறார் சீமோன். மறுபடியும் வலையைப் போடுகிறார். வலை கிழிகிற அளவுக்கு மீன். பிரசங்கம் நேராக அந்த மீன் குவியலுக்குப் போய்விடும். அதற்கு முன்னால், இரண்டாம் வசனத்தில் ஒன்று இருக்கிறது: இயேசு கரைக்கு வரும்போது அவர்கள் வலைகளை அலசிக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் சிக்காத வலையை.

எங்கள் நைனா விசைப்படகில் போனவர். வெறும் வலையோடு திரும்பிய நாளிலும் அதை அப்படியே சுருட்டிப் போட மாட்டார். வலையில் பாசி, சேறு, உடைந்த நண்டுக்கால், பிளாஸ்டிக் கவர் எல்லாம் மாட்டியிருக்கும். ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டுக்கொண்டே வருவார். கை ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று ஓரிடத்தில் நிற்கும். அங்கே பொத்தல். வலை ஊசியை எடுத்து, நைலான் நூலால் அந்த இடத்தை மட்டும் கட்டிவிட்டு மேலே போவார். "மீன் வர்றதும் வராததும் கடல் கையில. பொத்தல் நம்ம கையில" என்பார். ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் காசிமேட்டில் இந்த வேலைதான் நடக்கும். அப்பொழுது நடந்து பாருங்கள்.

வினாத்தாளை அலசுவதும் இதே வேலைதான். குரூப் 4-இல் 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவு, அதாவது கணக்குப் பகுதி, 25. தமிழில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். கட்-ஆஃபுக்கு 9 மதிப்பெண் குறைந்தால் அது ஆறு கேள்வி. முதலில் இந்தக் கணக்கைப் போடுங்கள். "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்பது வேறு, "ஆறு கேள்வி" என்பது வேறு. ஆறு கேள்வியைத் தேடிப் பிடித்துவிடலாம்.

தேர்வு எழுதும்போதே வினாத்தாளில் உங்கள் விடையைச் சின்னதாகக் குறித்து வையுங்கள். உத்தேச விடைக்குறிப்பு இணையதளத்தில் வந்ததும் ஒப்பிடுங்கள். அதில் ஏதாவது விடை தவறென்று தோன்றினால், குறித்த நாட்களுக்குள் ஆதாரத்தோடு ஆட்சேபம் தெரிவிக்கவும் வழி இருக்கிறது. பாடப்புத்தகப் பக்கத்தோடு தயாராக இருங்கள்.

தப்பான ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் ஏன் தப்பு என்று ஒரு வரி எழுதினேன். பாதிக்கு மேல் நான் படிக்காதவை அல்ல, படித்துக் குழம்பியவை. ஏலாதி எழுதியவர் கணிமேதாவியார், சிறுபஞ்சமூலம் காரியாசான், திரிகடுகம் நல்லாதனார். மூன்றும் பதினெண்கீழ்க்கணக்கு, மூன்றுக்கும் மருந்துப் பெயர். தனித்தனியாகக் கேட்டால் சொல்வேன். நாலு விடையில் கலந்து கொடுத்தால் மாறிவிடும். அப்புறம் அரசியலமைப்பு: நீதிப்பேராணை (ரிட்) என்றால் உச்ச நீதிமன்றத்துக்கு உறுப்பு 32, உயர் நீதிமன்றத்துக்கு 226. இதையும் திருப்பிப் போட்டிருந்தேன். இப்படிக் குழப்புகிறவற்றைத் தனித்தனியாகப் படித்துப் பிரயோஜனமில்லை. ஜோடி ஜோடியாக ஒரே பக்கத்தில் எழுதி வைத்து, எதிரெதிராகப் பார்த்தால்தான் பிரியும்.

இன்னொரு ரகம், கேள்வியைச் சரியாக வாசிக்காதது. "தவறான கூற்று எது" என்று கேட்டிருக்கும். கை சரியான கூற்றை நிரப்பியிருக்கும். அந்த ஒரு சொல்லை வட்டமிட்ட பிறகே விடைகளைப் பார்ப்பது என்று பழக்கினால் இது நின்றுவிடும்.

கணக்கைப் பயந்து கடைசிக்குத் தள்ளுகிறவர்கள் நம்மில் ஏராளம். 25 கேள்வி என்றால் 37.5 மதிப்பெண். சதவீதம், விகிதம், மீப்பெரு பொது வகுத்தி, மீச்சிறு பொது மடங்கு, தனிவட்டி, கூட்டுவட்டி, பரப்பு, வேலையும் நேரமும் என்று சுற்றிச் சுற்றி அதே தலைப்புகள்தான். உதாரணத்துக்கு, இரண்டு வருடத்துக்குக் கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் உள்ள வித்தியாசம் கேட்டால் முழுக் கணக்கும் போட வேண்டியதில்லை. 10,000 ரூபாய்க்கு 10 சதவீதம் என்றால், முதல் வருட வட்டி 1,000; அந்த ஆயிரத்துக்கு 10 சதவீதம் 100. அதுதான் விடை. தமிழை ஒரு மணி நேரத்துக்குள் முடித்து, தலை தெளிவாக இருக்கும்போதே கணக்கைத் தொட்டுவிடுங்கள். பொது அறிவு கடைசியில் வந்தால் போதும். அது தெரியும், இல்லையென்றால் தெரியாது, உட்கார்ந்து யோசித்துப் பயனில்லை. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. ஆனால் நான் எழுதியபோது A, B, C, D, E ஒவ்வொன்றும் எத்தனை நிரப்பினோம் என்று கடைசியில் எண்ணி எழுத வேண்டியிருந்தது. அப்படி இருந்தால் அதற்கும் நேரம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் பதறாதீர்கள்.

இனி காத்திருப்பு. 2019 செப்டம்பர் 1-க்குப் பிறகு அடுத்த குரூப் 4 நடந்தது 2022 ஜூலை 24 அன்று, இடையில் கொரோனா. அந்த ரிசல்ட்டும் 2023 மார்ச் 24-இல்தான் வந்தது. இந்த மாதிரி நாட்களில்தான் விசுவாசம் தள்ளாடும். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில், புது வருடத்துக்கென்று ஒரு வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை எடுப்போம் இல்லையா? பாதிப் பேருக்கு எரேமியா 29:11 வரும்: "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு..." அதைப் பைபிளில் செருகிக்கொண்டு, வேலை நிச்சயம் என்று நம்பிவிடுவோம். வராதபோது ஜெபிக்கவே வாய் வராது. அப்படி வாய் வராத ஒரு நாளில் அந்த அதிகாரத்தை முழுக்கப் படித்தேன். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் அது. அட்டையில் வரும் வசனத்துக்கு முந்தின வசனத்திலேயே எழுபது வருடம் என்று இருக்கிறது! அதற்கும் முன்னால், அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளை குட்டிகளோடு வாழுங்கள் என்று இருக்கிறது. அட்டை அடிக்கிறவர்கள் இதையெல்லாம் அச்சடிப்பதில்லை.

அதனால் ரிசல்ட் வரும்வரை வாழ்க்கையை நிறுத்தி வைக்காதீர்கள். தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை உள்ள புத்தகங்கள்தான் நமக்கும் அடிப்படை. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு பாடத்தை மூன்று தடவை விளக்கிச் சொன்னால் நமக்கு ஜென்மத்துக்கும் மறக்காது, கைச்செலவுக்கும் ஆயிற்று. டைப்ரைட்டிங் சேருங்கள். அரசுத் தொழில்நுட்பத் தேர்வு பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நடக்கும். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் (முதுநிலை) முடித்து வைத்திருந்தால் தட்டச்சர் பணிக்கும் வழி திறக்கிறது. என்னோடு படித்த ஒரு தோழி அப்படித்தான் உள்ளே போனாள்.

அழுகை வந்தால் அழுங்கள். சங்கீதம் 13 "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்றுதான் ஆரம்பிக்கிறது. இப்படிக் கேட்டவனின் ஜெபத்தையே வேதத்தில் சேர்த்து வைத்திருக்கும்போது, நாம் மட்டும் ஏன் சிரித்த முகத்தோடு "எல்லாம் நன்மைக்கே" என்று நடிக்க வேண்டும்?

துவண்டு கிடக்கும்போதுதான் குறுக்கு வழியும் கதவைத் தட்டும். "இவ்ளோ குடுத்தா ஆள் இருக்காரு" என்று யாராவது வருவார்கள். 2019 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதிய சிலர் கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும் மையால் விடை குறித்து, பிறகு இடைத்தரகர்கள் சரியான விடையை நிரப்பிய விவகாரம் வெளிவந்தது. 2020 ஜனவரியில் 99 பேருக்கு வாழ்நாள் தடை. நேர்மையாகத் தோற்றவர்கள் அடுத்த தேர்வை எழுதினோம். அவர்களால் அதுவும் முடியாது.

குரூப் 2-இல் எனக்கு முதல்நிலை தாண்டுகிறது, முதன்மைத் தேர்வில் நிற்கிறது. அங்கே விரித்து எழுத வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க விடைக்குறிப்பு கிடையாது. பொத்தலை நம் கண்ணால் மட்டும் கண்டுபிடிக்க முடியாது, இன்னொருவர் பார்க்க வேண்டும். பாஸ்டர் ஐயாவிடம் கேட்டு, வாரநாட்களில் பூட்டிக் கிடந்த சபை ஹாலின் சாவியை வாங்கினோம். கீபோர்டை உறை போட்டு ஓரமாகத் தள்ளிவிட்டால் பதினைந்து பேர் தாராளமாக உட்காரலாம். சபைப் பிள்ளைகள் மட்டுமில்லை, தெருவில் படிக்கிற எல்லாரும் வருகிறார்கள். நோன்பு மாதத்தில் இரண்டு தங்கைகள் நோன்பு திறந்துவிட்டு வந்து சேர்ந்துகொள்வார்கள். கரன்ட் பில்லில் ஆளுக்குக் கொஞ்சம் போடுகிறோம். சனிக்கிழமை சாயங்காலம் விடைத்தாளை மாற்றிக்கொண்டு திருத்துகிறோம். சபையில் ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர் இருக்கிறார். என் கட்டுரையில் முதல் பத்து வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, "கேட்டதுக்கு பதில் பதினோராவது வரிலதான் ஆரம்பிக்குது, கண்ணு" என்றார். இப்போது பதிலை முதல் வரியிலேயே சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன். உங்கள் சபையிலும் பூட்டிய ஹால் ஒன்றும், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரும் இருப்பார்கள். போய்க் கேளுங்கள்.