பாதியாக்கு, பத்தில் ஒன்றைக் கழி

இங்கிலாந்தில் பல வருடம் பிரசவத் தாதியாக வேலை பார்த்தேன். குழந்தை பிறந்ததும் தராசில் கிடத்தி, எடையைக் கிராமில் எழுதுவோம். வெளியே காத்திருக்கும் பாட்டிமாருக்கோ ராத்தலில், அதாவது பவுண்டில், சொன்னால்தான் மனசு நிறையும். 3.4 கிலோவா? இரட்டித்தால் 6.8. அதில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டினால் ஏறக்குறைய ஏழரை ராத்தல். அட்டவணையை எடுக்கும் முன்பே சொல்லிவிடுவேன். மருந்தளவுக்கு மட்டும் இந்தக் குறுக்குவழியைத் தொட்டதில்லை. அங்கே தராசு காட்டும் கிலோதான் கணக்கு.

இதைக் கற்றது மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், எங்கள் ரப்பர் தோட்டப் பள்ளியில். 1972இல் எடை, அளவைச் சட்டம் வந்து, நாடு மெட்ரிக்குக்கு மாறிக்கொண்டிருந்த காலம். சந்தையில் மீன் வாங்கினால் கட்டி என்ற பழைய எடை, மூட்டைக் கணக்குக்கு நூறு கட்டி கொண்ட பிக்குல். தோட்டத்து ஸ்டோரில் ராத்தல். பாடப்புத்தகத்தில் கிலோ.

வாத்தியார் அன்று கரும்பலகைப் பக்கமே போகவில்லை. மேசை மேல் மூன்று துணிப்பைகளில் மணல். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தூக்கச் சொன்னார். ராத்தல் பை 454 கிராம், கட்டிப் பை 605 கிராம், மூன்றாவது கிலோ. மணல் ஈரமாக இருந்ததால் பையின் அடி விரலில் குளிர்ந்தது இன்னும் நினைவிருக்கிறது. "மூணு கட்டி, நாலு ராத்தல். இது மாறாது" என்றார். அப்புறம்தான் சாக்கட்டியை எடுத்தார்: ராத்தலைக் கிலோவாக்கப் பாதியாக்கு, அதில் பத்தில் ஒன்றைக் கழி.

அந்த வருடமே ஸ்டோரிலும் கிலோ வந்தது. அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவர். ஒருநாள் மத்தியானம் தோள்கம்பில் சுமக்கும் காண்டா வாளியை லயத்து வீட்டு வாசலில் இறக்கி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கையில் ரப்பர் பால் காய்ந்து தோலாக உரிந்துகொண்டிருந்தது. "நேத்து ஒட்டுப்பால் நாப்பது ராத்தல். இன்னைக்கும் அதே அளவுதான் கொண்டுபோனேன், கிராணி பதினெட்டுன்னு எழுதுறாரு." ஒட்டுப்பால் என்பது மரத்தில் ஒட்டி உறைந்த பால்; கிராணி, தோட்டத்துக் கணக்கர்.

நான் கரித்துண்டால் சிமெண்டுத் தரையில் எழுதிக் காட்டினேன். நாற்பதில் பாதி இருபது. இருபதில் பத்தில் ஒன்று இரண்டு. கழித்தால் பதினெட்டு. "எடை குறையலம்மா, கல்லுதான் மாறியிருக்கு."

அம்மா அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர், ஆனால் காசுக் கணக்கில் அவரை யாரும் அசைக்க முடியாது.

"சரி. அப்போ கிலோவுக்குக் குடுக்கிற காசு, ராத்தல் காசைப்போல ரெண்டு மடங்குக்கு மேலேயே வரணுமே?"

"வரணும்மா. ரெண்டே கால் மடங்குக்குக் கொஞ்சம் குறைவா."

மறுநாள் காலை பிரட்டில், வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் இடத்தில், அதைத்தான் கேட்டார். பின்னால் நின்ற பெண்களும் கேட்டார்கள். அந்த மாதச் சம்பளத்தன்று என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, சில்லறை வரை இரண்டு தரம் எண்ணினார்.