ஜர்னலுக்கு அனுப்பும் முன் ரெஃபரன்ஸ் பட்டியலைச் சீர்செய்வது

பல ஜர்னல்கள் இப்போது முதல் சமர்ப்பிப்பில் எந்த ஸ்டைலாக இருந்தாலும் ஏற்கின்றன. பட்டியல் முழுக்க ஒரே சீராக இருந்தால் போதும் என்கின்றன. அவர்களுடைய வடிவத்தைக் கட்டுரை ஏற்கப்பட்ட பிறகுதான் கேட்பார்கள். எனவே ஆசிரியர்களுக்கான வழிகாட்டிப் பக்கத்தை முதலில் படித்துவிடுவது நல்லது. எண்முறையா, பெயர்–ஆண்டு முறையா? எத்தனை ஆசிரியர்களுக்குப் பிறகு ‘எட் ஆல்’ (மற்றும் பலர்)? ஜர்னல் பெயர் முழுதாகவா, சுருக்கமாகவா? டிஓஐ (ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய நிரந்தர இணைய அடையாள எண்) வேண்டுமா? இந்த நான்குக்கும் பதிலைக் குறித்துக்கொண்டு, அதே ஜர்னலின் அண்மை இதழிலிருந்து ஒரு கட்டுரையின் பட்டியலையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்கிறோம். வழிகாட்டியில் ஒரு வரியில் முடிந்த விஷயம் அங்கே கண்ணெதிரே இருக்கும்.

ரெஃபரன்ஸ்களைச் சேமித்து வடிவமைக்கும் மென்பொருளான ஜோட்டெரோவில் ஸ்டைலை மாற்றுவது ஒரு கிளிக். உண்மையான உழைப்பு அதற்கு முன்னால், ஒவ்வொரு பதிவையும் சுத்தம் செய்வதில் இருக்கிறது. பதிவு தப்பாக இருந்தால் எந்த ஸ்டைலும் அதைக் காப்பாற்றாது.

கூகுள் ஸ்காலரின் மேற்கோள் பெட்டியிலிருந்து காப்பி செய்து ஒட்டுவதை நாங்கள் விட்டுவிட்டோம். அங்கிருந்து இறக்கும் பிப்டெக் (ரெஃபரன்ஸ் கோப்பு வடிவம்) பதிவில் டிஓஐ வராது. அதற்குப் பதில் ஜோட்டெரோவின் மேற்பட்டையில் உள்ள மந்திரக்கோல் பொத்தானை அழுத்தி டிஓஐயை ஒட்டினால், டிஓஐகளைப் பதிவு செய்யும் அமைப்பான கிராஸ்ரெஃபுக்குப் பதிப்பகம் கொடுத்த தகவல் அப்படியே வந்துவிடும். டிஓஐ தெரியாவிட்டால் கிராஸ்ரெஃப் தளத்தில் தலைப்பைப் போட்டுத் தேடலாம். இப்படி வந்த பதிவையும் பிடிஎஃப்பின் முதல் பக்கத்தோடு ஒப்பிட்டே ஆக வேண்டும்.

நம் பெயர்கள்தான் இதில் அதிகம் அடிபடுகின்றன. கட்டுரையில் ‘செல்வி கே’ என்று அச்சாகியிருந்தால், தரவில் ‘கே’ குடும்பப் பெயராகவும் ‘செல்வி’ முதற்பெயராகவும் ஏறியிருக்கும். ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கத்தின் பெயர்–ஆண்டு ஸ்டைல்) அதை ‘கே, எஸ். (2018)’ என்று அச்சடித்துவிடும். செல்வி என்ற பெயரைத் தேடிப் பட்டியலைப் பார்ப்பவருக்கு அவர் அகப்படவே மாட்டார்; ஓர் ஆய்வாளரின் பெயரை இப்படித் தொலைப்பது சின்ன விஷயம் இல்லை. ஜோட்டெரோவின் ஆசிரியர் வரியில் இரண்டு கட்டங்கள் உண்டு. முதல் கட்டத்தில் சொந்தப் பெயர், இரண்டாவதில் இனிஷியல் என்று மாற்றினால் சரியாகிவிடும். ராமன் என்பது சி. வி. ராமனின் குடும்பப் பெயர் இல்லை, அவருக்கு வைத்த பெயர்தான். ஆனாலும் ரெஃபரன்ஸில் அதுதான் முன்னால் நிற்கும். நிறுவனமே ஆசிரியர் என்றால் அந்த வரியை ஒற்றைக் கட்டமாக மாற்ற வேண்டும். இல்லையென்றால் உலக சுகாதார நிறுவனம் ‘ஆர்கனைசேஷன், டபிள்யூ. எச்.’ என்று வந்து நிற்கும்.

ராமனும் கிருஷ்ணனும் 1928இல் நேச்சரில் வெளியிட்ட கட்டுரையை எடுத்துக்கொள்வோம். ஏபிஏவில் ‘ராமன், சி. வி., & கிருஷ்ணன், கே. எஸ். (1928).’ என்று தொடங்கும். பிறகு தலைப்பு, அதில் முதல் சொல்லுக்கும் சிறப்புப் பெயர்களுக்கும் மட்டுமே பெரிய எழுத்து. அடுத்து ஜர்னல் பெயரும் தொகுதி எண் 121ம் சாய்வெழுத்தில், கடைசியில் பக்கம் 501–502. மருத்துவ ஜர்னல்களில் வழங்கும் எண்முறை ஸ்டைலான வான்கூவரில் அதே கட்டுரை ‘ராமன் சிவி, கிருஷ்ணன் கேஎஸ்.’ என்று தொடங்கும். இனிஷியலுக்குப் புள்ளி கிடையாது. ஆண்டு ஜர்னல் பெயருக்குப் பின்னால் போய் ‘1928;121:501-2’ என்று முடியும். இதையெல்லாம் கையால் மாற்றினால் ஏதாவது ஒரு புள்ளி கட்டாயம் தவறும்.

தலைப்புகளைப் பதிவிலேயே முதல் எழுத்து மட்டும் பெரிதாக இருக்கும்படி சேமிக்க வேண்டும். எல்லாச் சொல்லுக்கும் பெரிய எழுத்து கேட்கும் ஸ்டைலுக்கு ஜோட்டெரோ தானே மாற்றிக்கொள்ளும்; அதன் மறுதிசை நடக்காது. தலைப்பில் வலது கிளிக் செய்தால் மாற்றும் வசதி வரும். மாற்றிய பின் ஊர்ப் பெயர், இனப் பெயர், டிஎன்ஏ போன்றவற்றைக் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும்.

கட்டுரை ஆன்லைனில் ஒரு வருடமும் இதழில் அடுத்த வருடமும் வெளியாகியிருந்தால், தொகுதி எண்ணோடு இறுதியாக வந்த ஆண்டையே போடுகிறோம். முன்பு எப்போதோ சேமித்த பதிவில் பழைய ஆண்டு அப்படியே கிடக்கும். தொகுதியும் பக்கமும் காலியாக இருந்தால் அதுதான் காரணம்.

வேர்டில் ஏற்றியதும் சில அறிகுறிகள் தெரியும். வாக்கியத்துக்குள் திடீரென்று ‘(எஸ். குமார், 2019)’ என்று இனிஷியலோடு வந்தால், ஒரே குமார் ஒரு பதிவில் ‘எஸ்.’ என்றும் இன்னொன்றில் ‘சுரேஷ்’ என்றும் இருக்கிறார்; மென்பொருள் இருவர் என்று எண்ணிப் பிரித்துக் காட்டுகிறது. ஒரே கட்டுரைக்கு ‘2020ஏ, 2020பி’ என்று வந்தால் அது நூலகத்தில் இரண்டு முறை இருக்கிறது. டூப்ளிகேட் பகுதிக்குப் போய் இரண்டையும் இணைக்க வேண்டும். ஒன்றை அழித்தால் வேர்டு கோப்பில் அதைச் சுட்டிய இடம் தொடர்பற்றுப் போகும்.

வேர்டில் வந்த மேற்கோளைக் கையால் திருத்தவே கூடாது. திருத்தினால் ஜோட்டெரோ எச்சரிக்கும். ‘சரி’ சொன்னால் அந்த மேற்கோள் அதன் பின் புதுப்பிக்கப்படாது. பக்க எண் சேர்க்கவோ ஆசிரியர் பெயரை மறைக்கவோ மேற்கோள் பெட்டியில் உள்ள பெயரைக் கிளிக் செய்தால் போதும். மூன்று ரெஃபரன்ஸ்களைச் சேர்த்துச் சுட்டும்போது மூன்றையும் ஒரே பெட்டியில் போட வேண்டும். தனித்தனியாகச் செருகினால் எண்முறையில் [3–5] என்று சுருங்காது.

எண்முறையில் அட்டவணைகள் தனிச் சிக்கல். அட்டவணையில் மட்டும் வரும் ரெஃபரன்ஸுக்கு, உரையில் அந்த அட்டவணை முதலில் குறிப்பிடப்படும் இடத்தின் வரிசைப்படி எண் கொடுக்கச் சொல்கிறது மருத்துவ ஜர்னல் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு. அட்டவணைகளைக் கோப்பின் கடைசியில் வைத்தால் மென்பொருள் கடைசி எண்களைக் கொடுத்துவிடும். அதனால் வரைவு முடியும்வரை அட்டவணையை உரைக்குள், அதைக் குறிப்பிடும் பத்திக்குக் கீழேயே வைத்திருக்கிறோம்.

ஏபிஏ ஏழாம் பதிப்பில் மூன்று ஆசிரியர்கள் இருந்தாலே உரையில் முதல் முறையிலிருந்து எட் ஆல்தான்; பட்டியலில் 20 பேர் வரை எல்லாரையும் எழுத வேண்டும். பதிப்பகத்தின் ஊர் தேவையில்லை. தமிழ் நூலைச் சுட்டும்போது தலைப்பை ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து, பக்கத்தில் சதுர அடைப்புக்குள் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கொடுக்கச் சொல்கிறது. சிலப்பதிகாரத்தின் முதல் எழுத்துக்கு ஓரிடத்தில் ஆங்கில ‘எஸ்’, இன்னோரிடத்தில் ‘சி’ என்று எழுத்துக்கூட்டல் மாறாமல் இருக்க, ஒலிபெயர்ப்பு முறை ஒன்றைத் தொடக்கத்திலேயே தேர்ந்து பதிவுகளில் ஏற்றிவிடுவது நல்லது.

கடைசியில் ஒவ்வொரு டிஓஐயையும் கிளிக் செய்து பார்க்கிறோம். சலிப்பான வேலைதான், ஆனால் ஏஐ கருவிகள் உண்மையான ஆசிரியர் பெயரோடு இல்லாத கட்டுரையைக் கொடுக்கும் காலத்தில் இதை விட முடியாது. திரும்பப் பெறப்பட்ட கட்டுரை இருந்தால் ஜோட்டெரோவே சிவப்புப் பட்டையில் காட்டும். ஏன் திரும்பப் பெற்றார்கள் என்று படித்துவிட்டே வைப்பதா எடுப்பதா என்று முடிவு செய்கிறோம். இவ்வளவும் முடிந்த பிறகு கோப்பை வேறு பெயரில் சேமித்து, அந்தப் பிரதியில் மட்டும் மேற்கோள் இணைப்புகளை நீக்கி ஜர்னலுக்கு ஏற்றுகிறோம். இணைப்புள்ள மூலக் கோப்பு, ரிவ்யூவர் கேட்கும் திருத்தங்களுக்குத் தேவைப்படும்.