கசக்கும் கடுகு, நமுத்த முந்திரி

டிசம்பர் 1

அலமாரியின் மேல்தட்டைத் துடைத்தபோது போன ஆண்டு இறுதி விடுமுறைக்கு வந்த இனிப்புப் பெட்டி ஒன்று கையில் அகப்பட்டது. கட்டிய நாடாகூட அவிழவில்லை. நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு அந்த டிசம்பரில் ஒன்பது பெட்டிகள் வந்தன. மூன்றைத் தின்றோம். நான்கை வேறு வீடுகளுக்குத் தள்ளிவிட்டோம். ஒன்று பூஞ்சை பிடித்தது. ஒன்பதாவது இது. நான் கொடுத்த பெட்டிகளும் இப்படித்தானே யாருடைய அலமாரியிலோ உட்கார்ந்திருக்கும் என்று நினைத்ததும் வெட்கமாகிவிட்டது.

இந்த ஆண்டு இனிப்பு கிடையாது. பதினொரு வீடுகளுக்கும் கையால் செய்த, சர்க்கரை இல்லாத ஏதாவது ஒன்று. வீட்டில் சொன்னேன். “எப்போது செய்யப் போகிறாய்?” என்று மட்டும் கேட்டார்கள்.

டிசம்பர் 2

பட்டியல் போட்டேன். ரொட்டி மறுநாளே காய்ந்துவிடும் என்பதால் அடித்தேன். விடுமுறை நாளில் யார் வீட்டு பிரிட்ஜிலும் ஓர் அங்குலம்கூடக் காலி இராது; ஆகவே குளிரில் வைக்க வேண்டியவற்றில் ஒன்றுக்கு மேல் வேண்டாம். அவர்கள் ஏற்கெனவே சமைக்கிற சமையலில் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். இப்படிக் கழித்ததில் மிஞ்சியவை: பூண்டு எண்ணெய், அரைத்த கடுகு, சூப்புக்கான பருப்புக் கலவை, காரப் பருப்புகள் (முந்திரி, பாதாம் வகையறா), எலுமிச்சை உப்பு.

டிசம்பர் 4

பூண்டு எண்ணெய் தயார். உரித்த பற்களை மிதமான சூட்டில் எண்ணெயில் பொன்னிறமாக்கி, பற்களோடு அப்படியே ஆறு குப்பிகளில் நிரப்பி ஜன்னலோரம் வரிசையாக வைத்தேன். மாலை வெயில் பட்டபோது கடைச் சரக்கு தோற்றது. அக்காவுக்குப் படம் அனுப்பினேன்.

டிசம்பர் 5

ஆறு குப்பிகளையும் கொட்டிவிட்டேன்.

அக்காதான் காரணம். படத்தைப் பார்த்ததும் பாராட்டவில்லை. “வெளியிலா வைத்திருக்கிறாய்?” என்று கேட்டாள். அவள் உணவு ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்தவள். மண்ணில் விளையும் பூண்டில் க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற நுண்ணுயிரின் வித்துகள் ஒட்டியிருக்கலாம். அதற்குக் காற்று ஆகாது. எண்ணெயோ காற்றை அடைத்துவிடுகிறது. பூண்டில் ஈரம் உண்டு, போதிய புளிப்பு இல்லை. வெளிச்சூட்டில் வைத்தால், நாமே அதற்கு வீடு கட்டிக் கொடுத்ததுபோல. தண்ணீர் கொதிக்கும் 100 டிகிரியில்கூட அந்த வித்துகள் பிழைத்துக்கிடக்கும். அது உண்டாக்கும் நஞ்சுக்கு நிறமில்லை, வாடையில்லை, ருசியில்லை. முகர்ந்து பார்த்துத் தப்பிக்க முடியாது. கனடாவின் வான்கூவரில் 1985-இல் ஓர் உணவகத்தில் இப்படி எண்ணெயில் போட்ட பூண்டு 36 பேரைப் படுக்கவைத்திருக்கிறது.

“பிரிட்ஜில் வைத்து நாலு நாளுக்குள் தீர்த்துவிடுகிற சொந்த வீட்டுக்குச் சரி. பரிசாகக் கொடுத்தால் அது யார் வீட்டில் எத்தனை மாதம் நிற்கும் என்று உனக்குத் தெரியுமா?” என்றாள். மேல்தட்டில் ஓராண்டு நின்ற இனிப்புப் பெட்டி கண்ணெதிரே வந்தது. அதற்குமேல் வாதாடவில்லை.

அவள் சொன்ன இன்னொன்றை இங்கே எழுதிவைக்கிறேன். புளிப்பு கூடி பி.எச். அளவு 4.6-க்குக் கீழே இறங்கினால் அந்த நுண்ணுயிர் வளராது. ஈரமே இல்லாத இடத்திலும் வளராது. ஆகவே இனி என் பரிசு ஒன்று நன்றாகப் புளிக்க வேண்டும், அல்லது எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும்.

டிசம்பர் 7

புளிப்புக் கணக்கில் கடுகு. மஞ்சள் கடுகு 50 கிராம், கருங்கடுகு 50 கிராம் எடுத்து மிக்ஸியில் கொரகொரப்பாக உடைத்தேன். சீக்கிரம் ஊறட்டும் என்று கொதிக்கிற தண்ணீரை ஊற்றினேன். வினிகரும் உப்பும் சேர்த்து ருசி பார்த்தால் மரத்தூள் கூழ். காரம் துளிகூட இல்லை. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பார்கள். என் கையில் போய்விட்டது.

டிசம்பர் 8

போன காரத்துக்குக் காரணம் கிடைத்தது. முழுக் கடுகில் காரம் என்று தனியாக ஒன்று உட்கார்ந்திருக்கவில்லையாம். கடுகை உடைத்துத் தண்ணீர் பட்டதும், உள்ளே தனித்தனியாக இருந்த ஒரு நொதியும் ஒரு சேர்மமும் சந்தித்து அப்போதுதான் காரத்தை உண்டாக்குகின்றன. கொதிநீர் அந்த நொதியைக் கொன்றுவிடும். வினிகரை முதலிலேயே ஊற்றினாலும் அது முடங்கிவிடும்.

ஆகவே இன்று ஐஸ் போட்ட தண்ணீர் 75 மில்லி. பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பிறகுதான் 5 சதவீத அமிலம் உள்ள வினிகர் 100 மில்லியும் ஒன்றரைத் தேக்கரண்டி உப்பும். மூடியைத் திறந்து முகர்ந்த மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடினாள். வெற்றி! ஆனால் நாக்கில் வைத்தால் ஒரே கசப்பு. சில நாள் போனால் அடங்குமாம். அடங்கட்டும்.

டிசம்பர் 11

கடுகு இன்னும் கசக்கிறது.

சூப் கலவை செய்தேன். அரை லிட்டர் ஜாடிக்கு மைசூர் பருப்பு 125 கிராம், உடைத்த பட்டாணிப் பருப்பு 125 கிராம், பார்லி 100 கிராம். ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று அடுக்கடுக்காக நிற்கிறது. மசாலாத் தூளை மேலே கொட்டினால் பருப்புகளின் இடுக்கில் வழிந்து அடுக்கையே அழுக்காக்குகிறது. அதனால் மிளகுத்தூள், சீரகத்தூள், பிரியாணி இலை எல்லாம் தனிப் பொட்டலமாகி மூடிக்குக் கீழே உட்கார்ந்தன.

நிறத்துக்காக ஒரு வரிசை ராஜ்மா போடலாம் என்று கை பரபரத்தது. வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டேன். ராஜ்மாவை ஊறவைத்து, குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டால்தான் அதில் உள்ள நச்சுப் புரதம் அழியும். அரைவேக்காட்டில் தின்றால் வாந்தி நிச்சயம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி மெல்லிய தீயில் வைக்கப்போகிற ஜாடிக்குள் அதற்கு இடமில்லை. பட்டாணிப் பருப்பும் பார்லியும் வேக முக்கால் மணி நேரம் ஆகும். மைசூர் பருப்பு இருபது நிமிடத்தில் கரைந்து சூப்பைக் கெட்டியாக்கிவிடும். கரைவது குறையில்லை, அதுதான் அதன் வேலை என்று சீட்டில் எழுத வேண்டும்.

டிசம்பர் 14

காரப் பருப்புகள். முந்திரியும் பாதாமும் சேர்ந்து அரைக் கிலோ. ஒரு முட்டையின் வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, மிளகாய்த்தூள், மிளகு, உப்பு கலந்து புரட்டி, ஓவனில் 160 டிகிரியில் இருபது நிமிடம். நடுவில் ஒருமுறை கிளறினேன். வால்நட் சேர்க்கவில்லை. அதன் எண்ணெய் சீக்கிரம் கெட்டுக் காறல் வாடை அடித்துவிடும். பாதாம் அதைவிட நாள் தாங்கும். முட்டை சாப்பிடாத இரண்டு வீடுகளுக்கு ஒரு கரண்டி எண்ணெயில் புரட்டியது தனி ஈடு.

வெளியே எடுத்த பிறகும் தட்டின் சூட்டில் அது வறுபட்டுக்கொண்டே இருக்கிறது என்பதை இரண்டாவது ஈட்டில்தான் கண்டுகொண்டேன். முதல் ஈட்டில் பாதி கருகல். அதை நாங்களே தின்றோம். நல்லதை இரவோடு இரவாக ஜாடிகளில் அடைத்துவிட்டுத் தூங்கப் போனேன்.

டிசம்பர் 15

எல்லாம் நமுத்துவிட்டது. வெதுவெதுப்போடு அடைத்தேன், மூடியின் உட்புறம் வேர்த்து நிற்கிறது. மீண்டும் தட்டில் கொட்டி 120 டிகிரியில் பத்து நிமிடம். மொறுமொறுப்பு திரும்பியது. இம்முறை இரண்டு மணி நேரம் ஆறவிட்டேன். அதற்குள் ஒரு ஜாடிக்கான அளவு காணாமல் போயிற்று. வீட்டில் யாரும் எடுக்கவில்லையாம்.

டிசம்பர் 17

நாலு எலுமிச்சையின் மஞ்சள் தோலை மட்டும் துருவி, உள்ளே இருக்கும் வெள்ளை கசக்கும் என்பதால் அதைத் தொடாமல், 200 கிராம் கல்லுப்பில் பிசறித் தட்டில் உலர்த்தினேன். வீடே மணக்கிறது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சீட்டில் எழுதி எனக்கு நானே சிரித்துக்கொண்டிருந்தபோது அத்தை போன் செய்தார். பெருமை தாங்காமல் சொல்லிவிட்டேன்.

“எனக்குமா உப்பு?” என்றார் அத்தை. “டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லி இரண்டு வருஷம் ஆகிறதே, கண்ணு. நீதானே கூட வந்தாய்?”

நான்தான் போனேன். மாத்திரைச் சீட்டைக்கூட நான்தான் வாங்கினேன். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது. நான் சர்க்கரையிடமிருந்து தப்பி ஓடி, நேராக உப்பின் மடியில் விழுந்திருக்கிறேன். கடுகில் உப்பு, முந்திரியில் உப்பு, இதில் உப்பே உப்பு.

இரவு உட்கார்ந்து பதினொரு பெயர்களுக்கும் எதிரே எழுதினேன். அத்தைக்கு இரத்த அழுத்தம். அலுவலகத் தோழிக்கு எள் ஒவ்வாமை. எதிர்வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை. முழு முந்திரி தொண்டையில் சிக்கும். சித்தப்பா தனியாக இருக்கிறார், எட்டுப் பேருக்கான சூப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? பெட்டி வாங்கிக் கொடுத்த காலத்தில் பதினொரு பேரும் எனக்கு ஒரே ஆள்தான்.

டிசம்பர் 18

அத்தைக்கு உப்பில்லாப் பொடி: மிளகு, சீரகம், வறுத்த எள், உலர்ந்த எலுமிச்சைத் தோல். எலுமிச்சையின் புளிப்பு மணம் உப்பு இல்லாத குறையைப் பாதி மறைக்கிறது. பாதிதான். எள் பட்ட மிக்ஸி ஜாரைத் தோழியின் பரிசுக்குப் பயன்படுத்தாமல் அவளுடையதை நேற்றே கட்டி ஓரமாக வைத்துவிட்டேன்.

டிசம்பர் 20

சீட்டு எழுதியே ஒரு நாள் போயிற்று. என்னென்ன சேர்ந்திருக்கிறது, செய்த நாள், எப்படி வைப்பது, எதற்குள் தீர்ப்பது. அதற்குக் கீழே, எதனோடு சாப்பிடலாம் என்று ஒரு வரி. கடுகுக்கு அந்த வரி மிக முக்கியம். இல்லாவிட்டால் மூன்று மாதம் கழித்து முகர்ந்து பார்த்துக் குப்பையில் போடுவார்கள். வினிகர் படும் ஜாடிகளுக்கு வெறும் தகர மூடி போட்டால் துருப்பிடிக்கிறது. எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் மூடி தேடி அலைந்தது தனிக்கதை. எழுதச் சலிப்பாக இருக்கிறது.

கடுகைத் தொட்டுப் பார்த்தேன். கசப்பு இல்லை! பன்னிரண்டு நாள் பிடித்திருக்கிறது.

டிசம்பர் 23

கொடுத்து முடித்தேன். யாரும் துள்ளிக் குதிக்கவில்லை. ஒருவர் ஜாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு “ஸ்வீட் இல்லையா?” என்று கேட்டேவிட்டார். எதிர்வீட்டுக் குழந்தைக்கும் அதே ஏமாற்றம். அதன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. எங்களுக்கு வந்த இனிப்புப் பெட்டிகள் இதுவரை ஆறு. ஒன்றைப் பிரித்துச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

டிசம்பர் 27

தோழி கடுகைத் தயிரில் கலந்து வெள்ளரிக்காயில் பிசறினாளாம், அளவு கேட்டாள். அத்தை பொடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜனவரி 2

மாடி வீட்டுப் பெரியவரைப் பார்க்கப் போனேன். என் சூப் ஜாடி வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில், கோப்பைகளுக்கும் குடும்பப் படத்துக்கும் நடுவே நிற்கிறது. “இவ்வளவு அழகாக அடுக்கியிருக்கிறாய், கலைக்க மனம் வரவில்லையம்மா” என்றார். மேல்தட்டு எனக்கு நினைவுக்கு வந்தது.

அனுமதி கேட்காமலே எடுத்து மூடியைத் திருகினேன். பருப்பைக் கழுவி, இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தேன். ஆரஞ்சும் பச்சையும் வெள்ளையும் ஒரு நிமிடத்தில் ஒரே நிறமாகிவிட்டன. அவர் பக்கத்தில் வந்து நின்று பானைக்குள் எட்டிப் பார்த்தார்.

“ஐயோ” என்றார்.

“பார்லி வேக முக்கால் மணி நேரம் ஆகும் ஐயா” என்றேன். அவர் வெங்காயம் ஒன்றை எடுத்து உரிக்கத் தொடங்கினார்.