யூகோஸ்லாவியா குழப்புகிறதா? போஸ்னியாவின் வரைபடத்திலிருந்து ஆரம்பியுங்கள்

யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீசஸ் மெயின்ஸின் ஜி.எஸ். (பொதுப்பாடம்) முதல் தாளில் உலக வரலாற்றுக்கான சிலபஸைப் பார்த்தால், நாடுகளின் எல்லைகள் மாற்றி வரையப்பட்டது பற்றி நாலைந்து சொற்கள்தான் இருக்கும். யூகோஸ்லாவியா உடைந்த கதை முழுக்க அதற்குள் அடக்கம். பெரும்பாலானவர்கள் ஸ்லோவேனியா, குரோஷியா, போஸ்னியா, கொசோவோ என்று தேதிகளை வரிசையாக மனப்பாடம் செய்கிறார்கள். அடுத்த ரிவிஷனில் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். அரசியல் அறிவியல் ஆப்ஷனலுக்குப் படித்தபோது எனக்குக் கைகொடுத்தது வேறு வழி. போஸ்னியா-ஹெர்சகோவினாவை மட்டும் ஆழமாக எடுத்துக்கொண்டேன், அதையும் அட்லஸை வைத்துக்கொண்டு படித்தேன். இந்த ஒரு நாடு பிடிபட்டால் மற்றவை பாதி புரிந்த மாதிரிதான்.

ஒரு வெள்ளைத்தாளில் தலைகீழ் முக்கோணம் போடுங்கள். மேல்கோட்டின் பெரும்பகுதி சாவா ஆறு, அதற்கு அந்தப் பக்கம் குரோஷியா. வலப்பக்கத்தின் மேல்பாதி திரினா ஆறு, அக்கரையில் செர்பியா. கீழ்முனையை ஒட்டி மாண்டினீக்ரோ. இடப்பக்கம் மறுபடியும் குரோஷியா. பரப்பு ஏறத்தாழ 51,000 சதுர கிலோமீட்டர், பெரும்பகுதி மலை.

இந்த நாட்டுக்குக் கடற்கரை உண்டா என்பது பிரிலிம்ஸ் வகைக் கேள்வி. உண்டு. நெயும் என்ற ஊரை ஒட்டி சுமார் 20 கிலோமீட்டர். அது எப்படி வந்தது என்பதுதான் சுவாரசியம். இன்றைய துப்ரோவ்னிக், அதாவது அன்றைய ரகூசா குடியரசு, ஒட்டோமான் துருக்கியரைவிட வெனிஸைக் கண்டுதான் அதிகம் பயந்தது. வெனிஸ் நிலவழியாக நெருங்கிவிடாமல் இருக்க, 1699 கார்லோவிட்ஸ் உடன்படிக்கையை ஒட்டி இந்தத் துண்டு நிலத்தை ஒட்டோமான்களுக்கு விட்டுக்கொடுத்தது. அதனால் குரோஷியாவின் கடற்கரை இன்றும் இரண்டாகத் துண்டுபட்டுக் கிடக்கிறது. அதைச் சுற்றிப் போவதற்காகவே கட்டிய பெல்யேஷாட்ஸ் பாலம் 2022இல் திறக்கப்பட்டது.

இனி போர். பின்னணியை வேகமாக முடித்துவிடலாம்: 1980இல் யூகோஸ்லாவியாவை ஆண்ட டிட்டோவின் மரணம், கடன் நெருக்கடி, செர்பியத் தலைவர் மிலோஷெவிச்சின் எழுச்சி, 1991 ஜூனில் ஸ்லோவேனியாவும் குரோஷியாவும் விலகியது, 1992 பிப்ரவரி-மார்ச்சில் போஸ்னியாவில் செர்பியர்கள் புறக்கணித்த சுதந்திர வாக்கெடுப்பு. 'நூற்றாண்டுப் பகை' என்று விடையை ஆரம்பிக்காதீர்கள். அது எதையும் விளக்குவதில்லை, படிக்காமல் எழுதியது போலவும் தெரியும்.

இப்போது பென்சிலைத் திரினாவில் வையுங்கள். 1992 மே மாதம் போஸ்னிய செர்பியத் தலைமை அறிவித்த ஆறு இலக்குகளில் ஒன்று, திரினா இனி எல்லையாக இருக்கக் கூடாது என்பது. ஸ்ரெப்ரெனிட்சா, ஷெப்பா, கொராஷ்டே மூன்றும் அந்த ஆற்றுப் பக்கத்தில்தான் இருக்கின்றன. 1993இல் ஐ.நா. மூன்றையும் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவித்தது. 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சா போஸ்னிய செர்பியப் படையிடம் வீழ்ந்தது. 8,000க்கும் மேற்பட்ட போஸ்னியாக் (போஸ்னிய முஸ்லிம்) ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். ஷெப்பாவும் வீழ்ந்தது, கொராஷ்டே தாக்குப்பிடித்தது. இன்றைய உள்எல்லையில் (நாட்டின் இரு பகுதிகளைப் பிரிக்கும் கோடு) சரயேவோ பக்கமிருந்து கிழக்கே ஒரு பகுதி நாக்கு நீட்டியது போல நிற்பது அதனால்தான்.

சரயேவோவும் அப்படித்தான். மில்யாட்ஸ்கா ஆறு ஓடும் பள்ளத்தாக்கு, சுற்றிலும் மலை. அந்த மலைகளை நம்பித்தான் 1984 குளிர்கால ஒலிம்பிக் அங்கே நடந்தது. 1992 ஏப்ரல் முதல் 1996 பிப்ரவரி வரை நீடித்த முற்றுகையில் அதே மலைகளிலிருந்துதான் போஸ்னிய செர்பியப் படையின் குண்டு விழுந்தது. திரெபெவிச் மலையில் இருந்த பாப்ஸ்லெட் (பனிச்சறுக்கு வண்டி) தடமே பீரங்கி நிலையாக மாறியது. நகரத்துக்கு மிஞ்சிய வழி, ஐ.நா. வசமிருந்த விமான ஓடுபாதைக்கு அடியில் 1993இல் தோண்டிய சுமார் 800 மீட்டர் சுரங்கம்.

மெயின்ஸுக்கு முக்கியம் டேட்டன் ஒப்பந்தம். 1995 நவம்பரில் அமெரிக்காவின் ஒஹாயோவில் பேசி முடித்து, டிசம்பர் 14இல் பாரிஸில் கையெழுத்தானது. போஸ்னியாக்-குரோட் (குரோஷிய இனத்தவர்) கூட்டமைப்புக்கு 51 சதவீத நிலம், ரெபுப்ளிகா ஸ்ர்ப்ஸ்காவுக்கு 49. (இது செர்பியா இல்லை, போஸ்னியாவுக்குள்ளேயே இருக்கும் செர்பியர் பகுதி. டெஸ்ட் சீரிஸ் தாள்களில்கூட இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.) ஸ்ர்ப்ஸ்காவின் மேற்கும் கிழக்கும் தொட்டுக்கொள்ளும் குறுகிய இடம் சாவா கரையிலுள்ள பர்ச்கோ. டேட்டனில் அதற்கு முடிவு கிடைக்கவில்லை. 1999இல் நடுவர் தீர்ப்பு வந்து தனி மாவட்டமாகியது.

அதிபர் பதவியில் மூன்று பேர், ஒரு போஸ்னியாக், ஒரு குரோட், ஒரு செர்பியர். தலைமை எட்டு மாதத்துக்கு ஒருமுறை மாறும். அப்படியானால் ரோமா இனத்தவரோ யூதரோ நின்றால்? நிற்க முடியாது. இது பாகுபாடு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2009இல் செஜ்டிச்-ஃபின்சி வழக்கில் சொன்னது. போரை நிறுத்திய அதே ஒப்பந்தத்தின் நான்காவது இணைப்புதான் நாட்டின் அரசமைப்பு. இனப் பிரிவினையை நிரந்தரமாக்கியதும் அதுதான். என்னைக் கேட்டால் விடையின் மையமாக இந்த முரணை வைப்பேன். ஒப்பந்தத்தின் அமலைக் கண்காணிக்கும் சர்வதேச உயர் பிரதிநிதியையும், சட்டம் போடவும் பதவி நீக்கவும் அவருக்கு 1997இல் கிடைத்த பான் (ஜெர்மனியின் Bonn நகரம்) அதிகாரங்களையும் அதற்குத் துணையாகச் சேர்க்கலாம்.

அப்புறம், ஹேக் நீதிமன்றங்களைப் பிரித்துப் படியுங்கள். போஸ்னிய செர்பியத் தலைவர் கராட்ஜிச், அவர்களின் படைத் தளபதி மிலாடிச் போன்ற தனிநபர்களை விசாரித்தது யூகோஸ்லாவியாவுக்கான குற்றவியல் தீர்ப்பாயம். நாடுகளுக்கு இடையிலான வழக்கு சர்வதேச நீதிமன்றத்தில் நடந்தது. ஸ்ரெப்ரெனிட்சாவில் நடந்தது இனப்படுகொலை, செர்பியா அதைச் செய்யவில்லை, ஆனால் தடுக்கவும் தண்டிக்கவும் தவறியது என்று அது 2007இல் தீர்ப்பளித்தது. இந்தியத் தொடர்பு கேட்டால், முன்னாள் யூகோஸ்லாவியாவுக்குப் போன ஐ.நா. படையின் முதல் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் சதீஷ் நம்பியார் என்று எழுதுங்கள்.

நடப்பு நிகழ்வுகளுக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். 2022 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றிய வேட்பாளர் தகுதி, 2024 மார்ச்சில் சேர்க்கைப் பேச்சு தொடங்க ஒப்புதல், இவை நோட்ஸில் இருக்கட்டும். போஸ்னியாவில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் அல்தியா அமைதிப் படைக்கு ஐ.நா. பாதுகாப்புச் சபை வழக்கமாக நவம்பரில் ஓராண்டு நீட்டிப்புத் தருகிறது. அந்த வாரச் செய்திகளை மட்டும் படித்து நோட்ஸைத் திருத்திக்கொண்டால் அந்த வருடத்துக்குப் போதும்.