கட்டடத்துக்கு நிதி கிடைத்துவிடும், மின்கட்டணத்துக்கு?

பயன்படாமல் கிடந்த ஒரு கிடங்கைப் பாட்டு, நடனம், நாடகம், மண்பாண்டம் எல்லாவற்றுக்கும் பொதுவான கலை மையமாக மாற்ற, உள்ளூர்க் கலை அறக்கட்டளை ஒன்றிடம் நிதி கேட்டு எங்கள் குழு விண்ணப்பித்தது. நிதி கிடைத்தது. ஆனால் அவர்கள் எதைப் பார்த்துக் கொடுத்தார்கள் என்பதைத்தான் இங்கே சொல்ல வேண்டும்.

பதிவுச் சான்று, தணிக்கை செய்த கணக்கு, நிர்வாகக் குழு விவரம் எல்லாம் வழக்கம்போல்தான். குத்தகை ஒப்பந்தத்தை மட்டும் துருவித் துருவிப் பார்த்தார்கள். உரிமையாளர் நினைத்த மாத்திரத்தில் காலி செய்யச் சொல்லக்கூடிய இடத்தில் யார்தான் பணத்தைப் போடுவார்கள்? நீண்டகாலக் குத்தகை கையில் இல்லாமல் போவது வீண் அலைச்சல்.

நேர்காணலுக்கு வண்ண வரைபடங்களோடு போயிருந்தோம். தேர்வுக் குழுவில் இருந்த மூத்த அம்மையார் அவற்றைப் பிரிக்கவே இல்லை. "மூன்றாம் ஆண்டு மின்கட்டணத்தை யார் கட்டுவார்கள்? கூரை ஒழுகினால் எந்தக் கணக்கிலிருந்து எடுப்பீர்கள்?" என்று கேட்டார். சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் கேள்வி நியாயமானது. கட்டடம் எழுப்பக் கொடையாளர்கள் கிடைப்பார்கள், கல்வெட்டில் பெயர் வரும். துப்புரவுப் பணியாளரின் சம்பளத்துக்கு எங்கே கல்வெட்டு வைப்பது?

ஒவ்வோர் அறையும் எந்த நாளில், எந்த மணியில், யாருக்கு, என்ன கட்டணத்துக்கு என்று அட்டவணை போட உட்கார்ந்தபோதுதான் நிலைமை புரிந்தது. மாலையிலும் வார இறுதியிலும் எல்லோருக்கும் இடம் வேண்டும். வார நாள் காலைகளில் ஒருவரும் இல்லை. வாடகையும் மின்சாரமும் நேரம் பார்த்து ஓடுவதில்லை. காலைப் பொழுதை நாடகக் குழுக்களின் ஒத்திகைக்கும் முதியோர் வகுப்புகளுக்கும் ஒதுக்கி எழுதிய பிறகே கோப்பு நகர்ந்தது.

அறக்கட்டளை அனுப்பிய ஆலோசகர் செய்த உதவி பணத்தைவிடப் பெரிது என்பேன். கூடத்தின் நடுவில் நின்று ஒரு முறை கைதட்டினார். ஓசை அடங்கவே மாட்டேன் என்றது. ஹார்வர்டில் ஒரு விரிவுரை அரங்கம் இப்படித்தான் பேச்சே புரியாமல் முழங்கியதாம்; அதைச் சரிசெய்யும் பொறுப்பு 1895-ல் வாலஸ் சபைன் என்ற இயற்பியலாளரிடம் வந்தது. பக்கத்து நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பி, முழக்கம் எத்தனை நொடியில் அடங்குகிறது என்று அவர் அளந்ததிலிருந்துதான் அரங்க ஒலியியலே வளர்ந்தது. பேச்சுக்கு முழக்கம் ஒரு நொடி அளவில் அடங்க வேண்டும்; இசைக்குச் சற்று நீளலாம். எங்களுக்கு ஆலோசகர் சொன்ன வழி எளியது: சுவரோரம் கனத்த திரைகள், நாடகத்துக்கு மூடவும் கச்சேரிக்குத் திறக்கவும் வசதியாக.

தரை விஷயத்தில் அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை. கான்கிரீட்டின்மேல் நேராக விரிப்பு போட்டு ஆடினால் முழங்காலும் கணுக்காலும்தான் விலை கொடுக்கும். ரப்பர் திண்டுகள், அவற்றின்மேல் மரச்சட்டம், அதன்மேல் பலகை என்று மிதித்தால் லேசாக அமிழும் தளம் போட்டோம். முகப்பு அலங்காரத்துக்கு வைத்திருந்த தொகை அதில் போயிற்று. போகட்டும். மண்பாண்ட அறையில் களிமண் தூளைப் பெருக்கக் கூடாது, ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். காய்ந்த தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்குமாம்.

பணம் தவணைகளாக வந்தது. முந்தைய தவணையின் ரசீதுகளைச் சரிபார்த்த பிறகே அடுத்தது வரும். ஒப்பந்ததாரர் அதுவரை காத்திருப்பாரா? கைமாற்றுக்கு ஒரு தொகையை முன்கூட்டியே திரட்டி வைத்துக்கொள்ளுங்கள். அறிக்கைப் படிவம் வேறு, எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்குமே தவிர, எத்தனை பேர் தொடர்ந்து வருகிறார்கள் என்று கேட்காது. சிரித்த முகக் குழந்தைகளின் புகைப்படம் மட்டும் தவறாமல் வேண்டும்.

ஒருங்கிணைப்பாளரின் சம்பளத்தை முதல் ஆண்டு முழுவதும், அடுத்த ஆண்டு மூன்றில் இரண்டு பங்கு, மூன்றாம் ஆண்டு ஒரு பங்கு என்று அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். இப்போது இரண்டாம் ஆண்டு நடக்கிறது. மீதிப் பங்கு ஒத்திகை வாடகையிலிருந்து வருகிறது. செவ்வாய், புதன் காலைகளுக்கு இன்னும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.