கணவற்கு ஒரு நோன்பு

"கண்ணகி என்னம்மா பாவம் செஞ்சா?" என்று இளங்கலை வகுப்பில் அந்த மாணவி கேட்டபோது எனக்குப் பதில் தெரிந்திருந்தது. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

கோவலன் கணக்கைச் சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் மதுரையின் காவல் தெய்வமான மதுராபதி விவரமாகச் சொல்லிவிடுகிறது. முற்பிறவியில் அவன் பரதன், சிங்கபுரத்து அரசனின் பணியாள். பண்டம் விற்க வந்த சங்கமனை ஒற்றன் என்று பிடித்துக்கொடுத்துக் கொன்றான். சங்கமன் மனைவி நீலி 14 நாள் அழுது திரிந்து, மலையேறி விழுந்து உயிர்விட்டாள். விழும்முன் அவள் இட்ட சாபம் பலித்தது. கொலைக்குக் கொலை, வகுப்பு ஏற்றுக்கொண்டது. கண்ணகிக்கு அந்த இடத்தில் ஒரு காரணமும் இல்லை.

காரணம் முன்பே, புகார்க் காண்டத்தில் வந்துவிடுகிறது. "கணவற்கு ஒரு நோன்பு பொய்த்தாய்" என்கிறாள் கண்ணகியின் தோழி தேவந்தி. அதையே சொன்னேன்.

"ஒரு நோன்பு தவறினதுக்கா?" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "எங்க அக்காவையும் இப்படித்தாம்மா சொல்றாங்க." அக்காவின் கணவர் முந்தைய ஆண்டு இறந்திருந்தார்.

நான் அடுத்த அடிக்குப் போனேன்.

நூலில் இருப்பதைச் சொல்வதுதான் என் வேலை. நெருடுவதை எல்லாம் மழுப்பிச் சொன்னால், அவர்கள் படிப்பது என் சமாதானத்தை, சிலம்பை அல்ல. இதில் எனக்கு இன்றும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் நூலில் இருப்பது அது மட்டுமா? பரிகாரமாகச் சோமகுண்டம், சூரியகுண்டம் மூழ்கிக் காமவேளைத் தொழலாம் என்று தேவந்தி அழைக்கிறாள். "பீடு அன்று", அது பெருமை அல்ல, என்று ஒரே சொல்லில் மறுக்கிறாள் கண்ணகி. கணவன் வெட்டுண்டபின் மதுரைத் தெருவில் அவள் கேட்பது "தெய்வமும் உண்டுகொல்" என்று. பாண்டியனும் விதி என்று தப்பிக்கவில்லை. "யானே கள்வன்" என்று விழுந்து செத்தான். "ஊழ்வினை துரப்ப" மதுரைக்கு வந்ததாக இழந்தவள் அவன்முன் சொல்கிறாள், ஆனால் அதற்காக அவனை விட்டுவிடவில்லை. பிழைசெய்தவன் ஊழைச் சொல்லவே இல்லை. ஊழையே முழுக் காரணமாகச் சொல்கிறவர்கள் பக்கத்தில் நிற்பவர்கள். அந்தப் பெண்ணிடம் இதைச் சொல்லியிருக்கலாம்.

சொன்னாலும் அது முழு உண்மையாகாது. அரசன் விசாரிக்காமல் ஆணையிடும் இடத்தில் "வினைவிளை காலம் ஆதலின்" என்று சேர்ப்பவர் இளங்கோவடிகளே. ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும் என்பதைக் காப்பியத்தின் மூன்று உண்மைகளில் ஒன்றாக நூலின் முன்னுரையான பதிகமே வைக்கிறது. அதை ஓரமாக ஒதுக்கிவிட்டு எனக்குப் பிடித்த கண்ணகியை மட்டும் காட்டுவது எந்த நியாயம்? வீட்டுக்குப் போய் அக்காவிடம் அவள் எதைச் சொல்லியிருப்பாள் என்று நினைக்கும்போது, இந்த நியாயமெல்லாம் எனக்கே பெரிதாகப் படுவதில்லை.

இந்த ஆண்டு மணிமேகலையையும் சேர்த்து நடத்தினேன். வஞ்சிக் கோயிலில் கண்ணகிப் படிமம் கோவலன் மகள் மணிமேகலையிடம் பேசும் பகுதி: நல்வினையால் வானுலகம் சென்றோம், அது தீர்ந்ததும் மதுரையை எரித்த சினத்தின் பாவம் எங்களை வந்து சேராமல் போகாது என்கிறாள்.

முன்வரிசையிலிருந்து ஒருத்தி, "அப்போ அவ கோபப்பட்டதும் தப்பாம்மா?" என்றாள்.

"இல்லை" என்றேன். அந்த "இல்லை"யை நூல் சொல்லவில்லை.